பழைய வெட்டு, புதிய வெட்டு

வரிசை எண் ஒன்று.
பொன் நாணயம். ஒரு பக்கம் ஆண் தலை,
வலம் நோக்கியது, இலைமாலை சூடியது.
மறுபக்கம் நாற்காலியில் ஒரு பெண்,
கையில் என்னவோ. பூவா, கோலா, தெரியவில்லை.
"தெரியவில்லைன்னு எழுதாதீங்க மேடம்" என்றார் ஆர்.ஐ.
தெளிவில்லை என்று எழுதினேன்.

கருங்காலிப்பட்டு ஊராட்சிக் கட்டடம்,
குடியாத்தம் வட்டம், பகல் பதினொன்றே கால்.
ரேஷன் கடைத் தராசு இதற்கு ஆகாதென்று
கூட்டுறவு வங்கியிலிருந்து
சம்பங்கி ஆச்சாரியை அழைத்து வந்திருந்தார்கள்.
கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் தராசு.
காத்தாடியை அணைக்கச் சொன்னார்.

போன ஆடியில் என் சங்கிலியை எடை போட்டவர் அவர்தான்.
கல் நீக்கி, அரக்கு நீக்கி,
அழுக்குக்கு இவ்வளவு என்று நீக்கி
மிச்சம் சொன்ன அதே குரலில்
ரோமாபுரி மன்னனைச் சொன்னார்:
"ஏழு, எழுநூத்தி இருபது. போட்டுக்கோங்க."
என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
நானும்தான்.

கால்வாய் தூர் வாரிய நூறு நாள் ஆட்கள்
வாசல் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.
இன்றைக்கு வருகை போடுவார்களா, மாட்டார்களா
என்பது அவர்கள் கேள்வி.
தாசில்தார் போனில் இருந்தார்.

ஒன்பது. நாணயம், மேலே வளையம் பற்றவைத்தது.
காசாக வந்ததை
கழுத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி.
அதை எழுதக் கட்டமில்லை.
வளையத்துடன் என்று மட்டும்.

பதினான்கு. மோதிரம்.
சிவப்புக் கல்லில் ஓடும் விலங்கு,
நாயென்றும் சொல்லலாம், மானென்றும் சொல்லலாம்.
ஆச்சாரி டீக்குப் போன நேரம்
சுண்டுவிரலில் போட்டுப் பார்த்தேன்.
இரண்டாம் கணுவில் நின்றுவிட்டது.
மகஜரில் இது இல்லை.

பதினேழில் மன்னன் கழுத்தின் குறுக்கே ஒரு வெட்டு.
பதினெட்டிலும். பத்தொன்பதில் முகத்தின் மேலேயே.
"பழுது" என்றார் ஆச்சாரி.
கோட்டை மியூசியத்திலிருந்து வந்த பையன் தலையசைத்தான்:
"அந்தக் காலத்திலயே வேணும்னே வெட்டினது சார்.
ஏன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

இருபதில் இரண்டு வெட்டு.
ஒன்றில் மண் அடைந்து இறுகியிருந்தது.
மற்றது பளபளவென்று.

"அது என்னுது."

எல்லாரும் திரும்பினோம்.
வாசற்படியில் கெங்கம்மா எழுந்து நின்றிருந்தாள்.
"காசச் சொல்லல சாமி, அந்த வெட்டச் சொல்றேன்.
மம்முட்டி பட்டு டங்குனுச்சி.
கல்லுன்னு நெனச்சி இன்னொரு போடு போட்டேன்."
கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள்.
"இன்னா மேடம், இந்த ஆளு மூக்கு இம்மாம் பெருசு!"

பயந்து ஒப்புக்கொண்டாளா,
பங்கு கேட்டாளா,
இன்று வரை எனக்குத்
தெளிவில்லை.

கண்டெடுத்தவர் என்ற கட்டத்தில்
ஊராட்சி என்று போடச் சொல்லியிருந்தார் வார்டு உறுப்பினர்.
போட்டும் இருந்தேன், முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில்.
இருபதுக்கு நேரே எழுதினேன்:
வெட்டு இரண்டு. ஒன்று பழையது, செய்தவர் அறியப்படவில்லை.
ஒன்று புதியது, மண்வெட்டியால்.
செய்தவர் கெங்கம்மா, க/பெ துளுக்காணம், மேலத்தெரு.

ஆர்.ஐ. இரண்டு முறை படித்தார்.
"இது எதுக்கு?"
"அடையாளக் குறிப்பு சார்."
பேனா மூடியைக் கழற்றினார்,
கொஞ்ச நேரம் வைத்திருந்தார்,
மூடிவிட்டார்.

நாலு மணிக்கு அரக்கு உருக்கினோம்.
துணிப்பை, சணல், முத்திரை.
பியூன் தீக்குச்சி தீர்ந்துவிட்டதென்று கடைக்கு ஓடி வந்தார்.
ஆச்சாரி தராசைப் போர்த்தி
என்னிடம் மெல்ல, "தவணை இருவதாம் தேதிம்மா" என்றார்.

ஜீப் கதவு சாத்தும்போது கெங்கம்மா கேட்டாள்:
"இதெல்லாம் இருந்துச்சே, அந்தப் பானை,
ஒடஞ்சி அங்கியே கெடக்குது.
அது வேணாமா உங்களுக்கு?"

எடை போட்ட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.
மியூசியப் பையன் செருப்பைக்கூடத் தேடாமல்
கால்வாயைப் பார்த்து ஓடினான்.
"அந்தப் பக்கம் இல்ல தம்பி" என்று
மம்முட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு
பின்னால் போனாள் அவள்,
அன்றைய வருகை அப்போதும் பதிவாகாமல்.